மஞ்சளில் தொடங்கிய மழை

1

இந்தக் கதையை நான் பார்க்கவில்லை, கேட்டேன். அதுவும் பாதிதான் கேட்டேன். மீதிப் பாதியை நானே இட்டுக்கட்டினேன். வம்பு அங்கேதான் தொடங்கியது.

நூல் கடையில் அலமாரிக்கு இந்தப் பக்கம் நின்று, வெயிலுக்கு எந்த ஆரஞ்சு பொருந்தும் என்று உல்லன் உருண்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"இந்தா, பிடி. பிடிச்சாச்சா? ... ஆமாம்மா, எனக்கு ஒண்ணும் தெரியாதுதான். நீதான் எல்லாம் தெரிஞ்சவ. ... சரி சரி, குத்தறேன். எதுல குத்தணும், இதுலயா? ... முறைக்காத. ... சரி, முறைச்சுக்கோ, காசா பணமா."

யாரோ போனில் பேசுகிறாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் முறைப்பது போனில் எப்படித் தெரியும்?

எனக்குக் கதைகள் வசனமாகத்தான் வரும். முகம், உடுப்பு, வீட்டுக்குள் வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்பதெல்லாம் பின்னால் மெதுவாக வந்து சேரும். ஒரு பக்கப் பேச்சு காதில் விழுந்தால் மறுபக்கத்தை நிரப்பாமல் இருக்க என்னால் முடியாது. ஆகவே, அலமாரியைச் சுற்றி நான் நடந்து போவதற்குள் எதிராளியின் பதில்கள் எல்லாம் தயாராகிவிட்டன. துடுக்கான பதில்கள். எனக்கே சிரிப்பு வந்தது.

சுற்றிப் போய்ப் பார்த்தேன். பெஞ்சில் இரண்டு பெண்கள், தோளோடு தோள் ஒட்டி. ஒருத்தி பேசிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தியால் பேச முடியாது.

2

[இங்கே "பக்கவாதம் அவள் வாழ்க்கையில் இடியாக இறங்கிய அந்தக் காலைப் பொழுதில்" என்று ஒரு வாக்கியம் தொடங்கினேன். அந்தக் காலையில் நான் அங்கே இல்லை. எனவே அந்த வாக்கியமும் இங்கே இல்லை.]

எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். பேசுகிறவள் அண்ணி. பேசாதவள் நாத்தனார். இருவரையும் உறவாக்கிய மனிதர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆன பிறகும் ஒரே வீட்டில் இருந்தார்கள். சண்டை போட அதைவிட வசதியான இடம் வேறு இல்லை. அண்ணி ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசைந்தவள். நாத்தனார் பேருந்து அலுவலகத்தில் புகார் கேட்கும் ஜன்னலில் உட்கார்ந்திருந்தவள். கத்திக்கொண்டு வருகிறவர்களைப் பேசியே திருப்பி அனுப்புவாளாம். வீட்டில் அவளுக்கு 'வக்கீல்' என்று பெயர். அந்த வக்கீலுக்குத்தான் இப்போது வலது கையும் பேச்சும் இல்லை. கேட்பதெல்லாம் புரிகிறது, சொல்லத்தான் வார்த்தை வருவதில்லை என்று டாக்டர் சொன்னாராம். வரலாம், வராமலும் போகலாம் என்றாராம்.

இனி போர்வை. கடைக்கு வருகிற நாங்கள் ஆளுக்கொரு குரோஷா சதுரம் பின்னுவது, ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு பருவகாலம், எல்லாவற்றையும் இணைத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பது. இது நூல் கடைக்காரம்மாவின் ஏற்பாடு. எனக்கு வெயில் வந்தது. (என் சதுரம் ஒரு மூலையைத் தூக்கிக்கொண்டு, விருந்துக்கு வந்து கோபித்துக்கொண்ட மருமகனைப் போல நிற்கிறது. அது வேறு கதை.) நாத்தனாருக்கு மழை. நடுவில் மஞ்சள் நூலில் சில சுற்றுகள் போட்டு முடித்திருந்தாள். அதற்குள் கை போய்விட்டது.

"வேற யார்கிட்டயாவது குடுத்துடலாமா? அவங்களுக்கும் சிரமம் வேணாமே" என்று கடைக்காரம்மா தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறாள்.

"அது இவ சதுரம். இவதான் போடுவா."

"எப்படிம்மா?"

"அவ கை ஒண்ணு இருக்கு. என் கை ஒண்ணு இருக்கு. மொத்தம் எத்தன?"

அண்ணி அதுவரை குரோஷா ஊசியைத் தொட்டதே இல்லை. 'நூலச் சுத்திச் சுத்தி என்னத்த சாதிக்கப்போற' என்று கேலி பேசுகிற கட்சி.

3

அந்த வேலையை நான் எழுதியே ஆகவேண்டும். அப்படி ஒன்றை நான் கண்டதில்லை.

குரோஷாவில் வலது கை ஊசியைப் பிடிக்கும்; அதன் முனையில் சின்னக் கொக்கி. இடது கை போட்ட பகுதியைப் பிடித்துக்கொண்டு, சுட்டுவிரலில் நூலைச் சுற்றி அளவாக விட்டுக்கொடுக்கும். கொக்கி உள்ளே போய் நூலைக் கவ்வி வெளியே வரும். ஒரு கண்ணி. மறுபடி ஒரு கண்ணி. இரண்டு கைக்கும் நடுவில் ஓர் உடம்பு இருப்பதால்தான் இது நடக்கிறது என்று நினைத்திருந்தேன். இங்கே இடது கை ஒருத்தியுடையது, வலது கை இன்னொருத்தியுடையது. நாத்தனார் இடப்பக்கம், அண்ணி வலப்பக்கம். நடுவே அந்த மஞ்சள் வட்டம். மூச்சு விடுவதுகூட இருவருக்கும் ஒன்றாக இருந்தது. வாயைப் பிளந்துகொண்டு நின்றிருப்பேன் போல.

"என்னம்மா வேணும்?" என்றாள் அண்ணி.

"ஒண்ணுமில்ல, பாக்கறேன்."

"பாருங்க. டிக்கெட் இல்ல." பிறகு நாத்தனாரிடம் திரும்பி, "உனக்குக் கூச்சமா இருக்கா? இல்லியாம். பாருங்க."

கவனித்தீர்களா? கேள்வியும் அவளே, பதிலும் அவளே. 'தண்ணி குடிக்கறியா? வேணாமா? சரி, அப்புறமா குடி.' 'மின்விசிறியப் போடவா? போடச் சொல்றா, போடுங்க.' நாள் முழுக்க இப்படித்தான். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒருத்தியே பேசிப் பேசித் தொண்டை கட்டிப் போயிருந்தது.

4

வீட்டுக்கு வந்து முதல் வரைவை எழுதினேன். அதில் நாத்தனார் மனசுக்குள் பேசினாள். நன்றாகவே பேசினாள். ஒரு துண்டு மட்டும் இங்கே:

*'மாவு பிசையற கை, அண்ணி. நூலையும் ரொட்டின்னு நெனச்சுட்டீங்க.'*
*'ரொட்டி தின்னுதானே வளந்த?'*

மருமகளிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு நின்றபடியே படித்தாள்.

"அத்தே, இவங்க பேச மாட்டாங்கன்னு சொன்னீங்க?"

"ஆமா."

"பக்கத்துக்குப் பக்கம் பேசறாங்களே."

"அது மனசுக்குள்ளம்மா."

"மனசுக்குள்ள இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த அண்ணி பண்றதத்தான் நீங்களும் பண்றீங்க."

சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பெரிதாக்கப் போய்விட்டாள்.

அந்த வரைவில் நாத்தனாரின் வரிகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். கதையில் நடு நடுவே ஓட்டை விழுந்தது. பேச்சைக் கேட்டே கதை எழுதுகிறவள் பேசாத ஒருத்தியை எப்படி எழுதுவது? 'அவள் மௌனமாக இருந்தாள்' என்று எத்தனை முறை எழுதலாம்? அவள் கண்கள் பேசின என்று எழுதலாம். ஆனால் நான் பார்த்தவரை அந்தக் கண்கள் பேசவில்லை, நூலைப் பார்த்தன. இந்தக் கதையைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றுகூட...

என்று எழுதிக்கொண்டிருக்கும்போது அடுத்த வாரம் வந்துவிட்டது. கடைக்குப் போனேன்.

5

அன்றைக்கு மஞ்சள் முடிந்து நிறம் மாற்ற வேண்டிய சுற்று. அந்த மஞ்சளே ஒரு வழக்காக இருந்தது. மழைக்கு யாராவது மஞ்சளில் தொடங்குவார்களா? உடம்பு சரியில்லாமல் போகப்போகிற நேரம், உருண்டை மாறிப்போயிருக்கும் என்று கடைக்காரம்மா நினைத்தாள்.

"பிரிச்சுட்டு நீலத்துல ஆரம்பிச்சுடலாமாம்மா? நூலோட ஒரு முனையை இழுத்தா மொத்தமும் வந்துடும்."

"அதுமேல கை வைக்காதீங்க." அண்ணியின் குரல் அடங்கியிருந்தது. "அது அவ ரெண்டு கையாலயும் போட்டது. நீலத்த அதைச் சுத்திப் போட்டுக்கறோம்."

நீல நூலை நாத்தனாரின் சுட்டுவிரலில் சுற்றினாள். கொக்கியை விட்டுக் கவ்வி இழுத்தாள். நூல் வரவில்லை.

"விடுடி கொஞ்சம்."

வரவில்லை. விரல் இறுகியிருந்தது.

"மரத்துப்போச்சா? தேச்சு விடவா?"

தேய்த்துவிட்டாள். மறுபடி இழுத்தாள். நூல் கம்பி போல நின்றது. சாம்பல் நிறத்தைச் சுற்றிப் பார்த்தாள். அதுவும் நின்றது. வெள்ளையும் அப்படியே.

"மழைன்னா நீலம்தானேம்மா" என்றாள் கடைக்காரம்மா. "எல்லாரும் அப்படித்தானே போடுவாங்க."

"அவளும் நீலம்தான் வேணுங்கறா." அண்ணி மறுபடி நீலத்தை எடுத்தாள். "கைதான் சொன்னபடி கேக்க மாட்டேங்குது."

"இல்ல."

யார் சொன்னது என்று நான் திரும்பிப் பார்த்தேன். இத்தனைக்கும் ஆளைக் குரலிலேயே அடையாளம் காண்கிறவள் நான். நாத்தனாருக்கு நான் கொடுத்திருந்த குரல் மெல்லியது, வெடுக்கென்றது. இது தரையில் பீரோவை நகர்த்துகிற மாதிரி அடித்தொண்டையிலிருந்து வந்தது. நான் எழுதிய எந்த வரியையும் இந்தக் குரலில் சொல்ல முடியாது.

கடைக்காரம்மா கையிலிருந்த கத்தரிக்கோலை ஓசைப்படாமல் மேசையில் வைத்தாள்.

அண்ணி முதலில் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அப்போதுதான். அப்புறம் மெதுவாக,

"இத்தன மாசம் கழிச்சு வாயத் தெறந்து, அதுவும் என்னை எதிர்த்துத்தானா?"

நாத்தனாரின் வாயில் பாதி மட்டும் சிரித்தது. மீதிப் பாதிக்கு முடியவில்லை.

"நீலம் இல்லன்னா வேற என்ன? சொல்லு. சொல்லேன்."

சொல்ல வரவில்லை. உதடு குவிந்தது, பிரிந்தது, காற்றுதான் வந்தது. இடது கை நீல நூலை விரலிலிருந்து உதறிவிட்டு மேசைமேல் குவிந்திருந்த உருண்டைகளுக்குள் போனது. தேடியது. ஒன்றை இழுத்து அண்ணியின் மடியில் போட்டது.

கறுப்பு.

"குழந்தைங்க போர்வையில கறுப்பா" என்று கடைக்காரம்மா தொடங்கினாள். அண்ணி கையைக் காட்டி நிறுத்தினாள். கறுப்பு உருண்டையை மஞ்சள் வட்டத்தின் பக்கத்தில் வைத்தாள். கொஞ்சம் தள்ளி வைத்தாள். மறுபடி கிட்டே கொண்டுவந்தாள். சதுரத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நம்ம ஜன்னலா?"

மஞ்சள் வட்டத்தை விரலால் தொட்டாள்.

"மழை பேஞ்சா தெரு கறுகறுன்னு ஆயிடும். கம்பத்து வெளக்கு அதுல உருண்டையா, மஞ்சளா விழும். வேலைலேருந்து வந்து, பையக்கூடக் கழட்டாம நின்னு பாப்பியே. கொசு வருது சாத்துடின்னு நான் கத்துவேன். அதுவா?"

நாத்தனார் தன் சுட்டுவிரலை நீட்டினாள். அண்ணி அதில் கறுப்பு நூலைச் சுற்றினாள். கொக்கியை உள்ளே விட்டாள், கவ்வினாள், இழுத்தாள்.

நூல் வந்தது.

வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு கண்ணி. அடுத்தது. மூலை திரும்பும் இடத்தில் விரல் கொஞ்சம் இறுகியது, அண்ணி உடனே நிறுத்தி, "இங்க ரெண்டு சங்கிலிக் கண்ணியா?" என்றாள், விரல் தளர்ந்தது. போன வாரமும் இந்த விரல் இறுகியிருக்கும், தளர்ந்திருக்கும். அண்ணி கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் அந்த நூலில் போயிருக்கும். ஒரு கை தூரத்தில் நின்று நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், கேட்கவே இல்லை.*

---
* இந்தப் பதில்களை மேற்கோள் குறிக்குள் போட்டுப் பார்த்தேன். ' ' என்று வெறுமையாக நின்றது. எடுத்துவிட்டேன். நூல் வந்தது என்று எழுதினால் போதும் போலிருக்கிறது.
---

6

இப்போது முடிவு. சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், நாத்தனாருக்குப் பேச்சு முழுசாகத் திரும்பி, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி இருவரும் சண்டை போடுகிறார்கள். மருமகளுக்கு இதுதான் பிடித்திருந்தது. எனக்கும் ஆசைதான். டாக்டரே சொல்லத் துணியாததை நான் எப்படிச் சொல்வது?

இன்னொன்றில், ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு படுத்திருக்கும் ஒரு குழந்தை அந்தக் கறுப்புச் சதுரத்தைத் தன் பிஞ்சு விரலால்... இந்தக் குழந்தை யார் என்றே எனக்குத் தெரியாது. அது தூங்கட்டும்.

மூன்றாவதில் அந்த 'இல்ல' தான் அவள் பேசிய கடைசி வார்த்தை. அதை எழுதி முடித்த கையோடு கிழித்துவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

ஆகவே, சதுரங்களைச் சேர்த்துத் தைத்த நாளில் நடந்ததோடு நிறுத்திக்கொள்கிறேன். பெரிய மேசைமேல் போர்வை விரிந்திருந்தது. பனிக்கும் இலையுதிர்வுக்கும் நடுவில் அந்த நனைந்த தெரு. கறுப்பைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கடையில் நூல் வாங்க வந்தவர்கள்கூட அந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போனார்கள். கடைக்காரம்மா கடைசி முடிச்சைப் போட்டு நூலை நறுக்கினாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள். அண்ணியைப் பார்த்து அல்ல. நாத்தனாரை நேராகப் பார்த்து.

"அடுத்த போர்வைக்கு நீங்க எந்தக் காலம் போடறீங்க?"

அண்ணி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். கைகளை மடியில் கோத்து வைத்துக்கொண்டாள்.

இதற்கு நாத்தனார் சொல்ல என்னிடம் ஒரு வரி இருக்கிறது. நல்ல வரிதான். தரமாட்டேன்.

அவள் உதடு குவிகிறது. பிரிகிறது. மறுபடி குவிகிறது. பொத்தான் இருக்கிறதா என்று வாசலிலிருந்து யாரோ கேட்கிறார்கள். கடைக்காரம்மா அந்தப் பக்கம் திரும்பாமலே, கொஞ்சம் இருங்கள் என்று கையைக் காட்டுகிறாள். நான் பெஞ்சில் நகர்ந்து உங்களுக்கு இடம் விடுகிறேன்.

உட்காருங்கள். அவசரம் ஒன்றும் இல்லையே?