இருட்டில் தெரிந்த கை

2023 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை, ஆண்டர்சன்பேட்டையில் ஒரு தேவாலய மண்டபத்தில் இலவசக் கண் முகாம் நடந்தது. பெங்களூரிலிருந்து வந்த குழு, விழித்திரை எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்று அளக்கும் கையடக்கக் கருவி ஒன்றையும் கொண்டுவந்திருந்தது.

சம்பங்கி அங்கே தானாக வரவில்லை. மனைவி நளினி காலையிலேயே அவருடைய வேன் சாவியை எடுத்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, முகாமுக்கு வந்தால்தான் தருவேன் என்று சொல்லியிருந்தார். சம்பங்கிக்கு ஐம்பத்து நான்கு வயது. சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கம் மூடப்படும்வரை அதன் அடியில் வேலை செய்தவர். அதன் பிறகு பெங்களூரில் சில வருடம் காவலாளியாக இருந்துவிட்டுத் திரும்பி வந்து, ஒரு தனியார் பள்ளிக்கு வேன் ஓட்டுகிறார். வண்டி பள்ளியுடையது. ஒவ்வொரு ஜூனிலும் ஓட்டுநர்களிடம் கண் சான்றிதழ் கேட்பார்கள்.

முந்தைய நவம்பரில் ஒருநாள் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது வலது கண்ணில் புகை படிந்ததுபோல் இருந்தது. வலி இல்லை. தண்ணீர் அடித்துக் கழுவியும் போகவில்லை. ராபர்ட்சன்பேட்டையில் டாக்டர் ஸ்ரீநிவாஸ் பார்த்தார். கண்ணிலிருந்து ரத்தம் திரும்பிப் போகும் குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது என்றார். விழித்திரைக்கு ரத்தம் ஓரளவு போகிறதா, இல்லை பெரும்பகுதி பட்டினி கிடக்கிறதா என்பதைப் பெங்களூரில் அளந்து பார்க்க வேண்டும். பட்டினி என்றால் சில மாதங்களில் வேண்டாத புதுக் குழாய்கள் முளைத்துக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், அதற்குள் ஊசியும் லேசரும் கொடுத்தாக வேண்டும் என்று நிதானமாகவே சொன்னார். சம்பங்கி சரி என்றார். போகவில்லை. அளந்தால் எழுதுவார்கள், எழுதினால் பள்ளிக்குத் தெரியும் என்று நளினியிடம் சொன்னார்.

அவரிடம் வேறொரு அளவு இருந்தது. சுரங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவனை முதல் ஷிப்டில் லெவல் எனப்படும் பாதாளப் பாதையின் ஓரத்தில் உட்காரவைத்து, எல்லோரும் தலை விளக்கை அணைத்துவிடுவார்கள். அப்படி ஓர் இருட்டு மேலே எங்கும் கிடையாது. அவன் தன் கையை முகத்துக்கு முன்னால் ஆட்டிப் பார்க்க வேண்டும். முதலில் ஒன்றும் தெரியாது என்பான். கொஞ்ச நேரம் கழித்து, தெரிகிறது, நிழல்போல அசைகிறது என்பான். தெரிகிறது என்று சொன்னதும் டீ வாங்கித் தருவார்கள். கண் சுரங்கத்துக்குப் பழகிவிட்டது என்று அர்த்தம். அப்படித் தெரியாத யாரையும் சம்பங்கி பார்த்ததில்லை.

தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றான அவர்கள் வீட்டில் பின்பக்கம் ஜன்னலில்லாத ஒரு சின்ன அறை உண்டு. டிசம்பர் முழுக்க வேனை நிறுத்திவிட்டு வந்ததும் அதற்குள் போய்க் கதவுக்கு அடியில் கோணியை அடைத்து, இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வலது கையை ஆட்டிப் பார்த்தார். தெரிந்தது. ஒருநாள், சுரங்கத்தில் தன்னோடு வேலை செய்த லாய்டையும் உள்ளே அழைத்துக்கொண்டார்.

"இன்னா மச்சான், தெரியுதா?" என்றார் லாய்ட்.

"நல்லாத் தெரியுதுடா. அஞ்சு வெரலும்."

"அப்புறம் இன்னா? நரம்பு செத்துப் போயிருந்தா இருட்டுல தெரியுமா? ஒனக்கு வெளிச்சந்தான் ஒத்துக்கல. டாக்டருங்க எவனாவது கேஜ்ல சுரங்கத்துக்குள்ள எறங்கியிருக்கானா?"

வெளியே நின்ற நளினி, "ரெண்டு பேரும் ஸ்டோர் ரூம்ல பூந்துக்கினு இன்னா பண்றீங்க? பாக்கறவங்க சிரிக்கப் போறாங்க" என்றார். லாய்ட்தான் முதலில் சிரித்தது.

ஜனவரியில் வேனின் வலது பக்கக் கண்ணாடி மாரிகுப்பம் சாலையில் எதிரே வந்த டிராக்டரில் உரசி உடைந்தது. உள்ளே பிள்ளைகள் இருந்தார்கள். யாருக்கும் அடியில்லை. டிராக்டர்காரன் மேல் தப்பு என்றார் சம்பங்கி. மார்ச் தொடக்கத்தில் வலது கண் சிவந்து, தலையின் அந்தப் பாதி வலித்தது. முகாமன்று காலை நளினி சாவியை எடுத்தது அதனால்தான்.

முகாமில் கருவியை வைத்திருந்த பெண்ணின் பெயர் அமலா. பக்கத்து நந்திதுர்க் சுரங்கப் பகுதியைச் சேர்ந்தவள், அவள் அப்பாவும் சுரங்கத்தில் இருந்தவர். இரு கண்களின் கீழும் ஒரு சின்ன ஒட்டுப் பட்டையை ஒட்டினாள். கிண்ணம் போன்ற கருவியை முதலில் இடது கண்ணருகில் பிடித்தாள். உள்ளே வெளிச்சம் படபடவென்று துடித்தது. பிறகு வலது கண். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"வெளிச்சம் பட்டா கண்ணுக்குப் பின்னாடி சின்னதா கரண்டு வரும்ணா. அது எவ்ளோ சீக்கிரம் வருதுன்னு இது அளக்குது" என்றாள். "இடது கண்ணு இருபத்தெட்டு மில்லி செகண்டு. நார்மல். வலது முப்பத்தொம்பது. ரொம்ப லேட்டு. அலையும் ரொம்பச் சின்னதா கீது."

"மிஷினு தப்பு" என்றார் சம்பங்கி. "எனக்கு இருட்டுல இந்தக் கண்ணு தெரியுது. லைட்ட ஆப் பண்ணிட்டுக் கேளும்மா."

"கை தெரியுதா?"

சம்பங்கி அவளைப் பார்த்தார். "ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"எங்கப்பாவும் சொல்வாரு." அவள் பஞ்சு வில்லைகளை எடுத்து அவருடைய இரண்டு கண்களின் மேலும் வைத்து, மேலே பேண்டேஜ் துணியை மூன்று சுற்றுச் சுற்றினாள். மண்டபத்தின் குழல்விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. "இப்ப ஆட்டுங்க."

சம்பங்கி கையை முகத்துக்கு முன்னால் ஆட்டினார்.

"தெரியுதாண்ணா?"

"தெரியுது. லேசா, நெழலு மாதிரி."

வரிசையில் நின்ற ஒருவர் சிரித்தார். நளினி திரும்பி, "உங்க முறை வரும், சும்மா இருங்க" என்றார்.

"கைய எறக்குங்க" என்றாள் அமலா. தன் கையை அவர் முகத்துக்கு முன் நீட்டி அசைத்தாள். "இப்ப?"

"இப்ப இன்னா?"

"என் கைய ஆட்டிக்கினு இருக்கேண்ணா."

அவர் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். அவள் இன்னும் சிறிது நேரம் அசைத்துவிட்டு நிறுத்தினாள்.

"ஒங்க கை எங்க போவுதுன்னு ஒங்களுக்குத் தெரியும். அதான் மூள படம் போட்டுக் காட்டுது. ரெண்டு கண்ணும் இல்லாதவங்களுக்குக்கூட அப்பிடித் தெரியலாம்."

துணியை அவிழ்த்தபோது சம்பங்கி அவளைப் பார்க்கவில்லை. எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாருக்கும் தெரிஞ்சுதே" என்றார். "எங்க கேங்குல எல்லாருக்கும்."

"ஆமாண்ணா."

முகாம் டாக்டர் வந்து கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். கருவிழியின் ஓரத்தில் மெல்லிய சிவப்பு நூல்களாகப் புதுக் குழாய்கள் முளைத்திருந்தன. கண்ணின் அழுத்தம் இருக்க வேண்டியதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. நாளைக்கே பெங்களூர் வர வேண்டும் என்றார். நவம்பரில் வந்திருந்தால் பார்வை மீண்டிருக்குமா என்று நளினி கேட்டார். அதைச் சொல்ல முடியாது, ஆனால் இந்த அழுத்தத்தைத் தடுத்திருக்கலாம் என்றார் டாக்டர். சம்பங்கி எழுந்தார். நளினி சாவியை எடுத்து நீட்டினார். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"நாளைக்கு வேனு?" என்று கேட்டார் நளினி.

"ஸ்கூலுக்கு போன் பண்ணிச் சொல்லு. கண்ணுன்னே சொல்லு."

பெங்களூரில் ஊசி போட்டார்கள். இரண்டு தவணையாக லேசர் கொடுத்தார்கள். ஏப்ரல் இறுதியில் அழுத்தம் இறங்கியது, வலி நின்றது. கண்ணை எடுக்க வேண்டி வரவில்லை. மே மாதம் மறுபடி அளந்தபோது வலது கண்ணின் எண் மாறவில்லை. அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது மட்டும் தெரிந்தது.

பள்ளி அவரிடம் சான்றிதழ் கேட்கவில்லை. ஜூனில் பள்ளி திறந்தபோது பங்காருப்பேட்டையிலிருந்து வந்த ஒருவர் வேனை ஓட்டினார்.