அந்தோணியார் பெட்டி அரிசி

உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து டின்னில் போட்டுவைப்பது தேயிலைத் தோட்டத்தின் அந்த வரிசை வீட்டு லயத்துப் பெண்களின் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை அந்த டின்னைக் கொண்டுபோய் அந்தோணியார் கோயிலில் இருக்கும் மரப்பெட்டியில் கொட்டுவார்கள். கோயில் என்றால் தகரக் கூரையும் ஒரு சுரூபமும்தான். பெட்டிச் சாவி ரீட்டாவிடம் இருந்தது. லயத்தில் எவள் பிள்ளை பெற்றாலும், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவளானாலும், அந்த மாதத்துப் பெட்டி அரிசி அவளுக்குத்தான். பிள்ளை பெற்றவள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போக முடியாது, பேர் விழாது, கூலியும் கிடையாது. அவள் கஞ்சி குடித்தால்தான் குழந்தைக்குப் பால்.

எழுபத்தொன்றாம் ஆண்டு மார்கழியில் ரீட்டாவின் தங்கை ஜெபமலர் நிறைமாதமாக இருந்தாள். அரசாங்கம் தரும் கூப்பன் அரிசி போதாமல் நமுனுகுலத் தோட்டங்களில் பலரும் ஒருவேளை ரொட்டியோடு படுத்த காலம். அப்படியிருந்தும் பெட்டியில் அரிசி சேர்ந்திருந்தது.

அந்த ஞாயிறு, ஜெபம் முடிந்து பெண்கள் எழும்போது தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் யேசுரத்தினம் வாசலில் நின்றார். கையில் ஒரு வெறுஞ்சாக்கு.

"கடலுக்கு அந்தப் பக்கம் நம்ம நாடு சண்டையில நிக்குது. ஆளுக்கு ஏதாச்சும் கொடுக்கணும்."

"நம்ம நாடுன்னா எதுங்க தலைவரே?" என்றாள் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த இராக்கம்மா. கோயிலுக்கு விறகு கொண்டுவந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். "எனக்கு இங்கயும் பிரஜாவுரிமை இல்ல, அங்கயும் இல்ல. நடுக்கடல்ல ஏதாச்சும் நாடு இருந்தா சொல்லுங்க, கொடுக்கிறேன்."

பெண்கள் சிரித்தார்கள்.

"வாயக் கொறை. ஒரு பிளேன் வாங்க எவ்வளவு ஆவும்னு தெரியுமா உனக்கு?"

"பிளேன் எதுக்குங்க? புள்ளத்தாச்சிய ஏத்திக்கிட்டுப் போக ஒரு லொறி வந்தாப் போதாதா?"

தலைவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் கண் பெட்டியின் மேல் இருந்தது. ரீட்டா சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அது புள்ள பெத்தவளுக்குங்க. எந்தங்கச்சிக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு."

"அடுத்த வாரம் மறுபடி நெறஞ்சிடும். அங்க நம்ம பயலுக பட்டினியாக் கெடந்து உசிர விடுறானுக. அந்தோணியாரே வேணாம்னு சொல்ல மாட்டாரு."

பட்டினி என்ற சொல் அந்தப் பெண்களுக்குப் போதுமானதாக இருந்தது. தாங்கள் தரும் அரிசி கப்பலேறிப் போய், எங்கோ ஒரு பையனின் தட்டில் சோறாக விழும் என்றே அவர்கள் நினைத்தார்கள். பசிக்கு அரிசி என்பதைத் தவிர வேறு கணக்கு அவர்களுக்குத் தெரியாது.

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜெபமலர்தான் சொன்னாள். "கொடுத்துடுக்கா. அந்தப் புள்ளைகளுக்கும் அம்மா இருப்பாங்கல்ல."

ரீட்டா சாவியை அவிழ்த்தாள்.

அந்த வாரமே ஜெபமலருக்கு ஆண் குழந்தை பிறந்தது. அழுகைச் சத்தம் பூனைக்குட்டியின் சத்தம் போல இருந்தது. பால் சுரக்கவில்லை. கூப்பன் அரிசி வர இன்னும் நாள் இருந்தது. லயத்தில் எல்லா டின்களையும் கவிழ்த்துப் பார்த்ததில் ஒரு சிரட்டைகூட நிறையவில்லை. ஜெபமலரின் புருஷன் மத்தேயு சீனித் தண்ணீரைத் துணியில் நனைத்துக் குழந்தையின் வாயில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். ரீட்டா பெரட்டுக்குப் போகாமல், விடிந்ததும் பதுளைக்குப் பஸ் ஏறினாள். தலைவர் அரிசியை மொஹிதீன் முதலாளி கடையில்தான் இறக்கியதாக யாரோ சொல்லியிருந்தார்கள். கப்பலுக்கு அனுப்புமுன் கொஞ்சம் திருப்பிக் கேட்கலாம் என்று நினைத்தாள்.

கடையில் ரேடியோ கத்திக்கொண்டிருந்தது. மொஹிதீனின் தம்பி புவாத் அதன் மேல் காதை வைத்திருந்தான்.

"என்ன தங்கச்சி, பேர் போடாம டவுனுக்கு வந்தீக்கி?" என்றார் மொஹிதீன்.

ரீட்டா கடைக்குள் கண்ணை ஓட்டினாள். வாசலோரத்துச் சாக்கு ஒன்று வாய் திறந்திருந்தது. சிவப்பு, வெள்ளை, பொடி, குறுநொய் எல்லாம் கலந்த அரிசி. பல வீட்டுப் பிடிகள் சேர்ந்தால் மட்டும் வரும் நிறம் அது.

"மொதலாளி, இது எங்க பெட்டி அரிசிங்க."

"ஓ, ஒங்கட தலைவர் வித்திட்டுப் போனார். சண்டைக்குச் சல்லி அனுப்போணுமாம்."

"வித்தாரா? சோறாக்கிப் போட இல்லீங்களா?"

புவாத் சிரித்தான். "பீரங்கிக்குச் சோறு போட்டா வெடிக்குமா?"

"வாய மூடு," என்றார் மொஹிதீன். பிறகு, தாமே வெட்கப்பட்டவர் போல, பக்கத்துச் சாக்கைக் காட்டினார். "இதுவும் அப்பிடித்தான். இவன் தெருத் தெருவாச் சேத்தது. அதே சண்டையில மத்தப் பக்கத்துக்கு. எங்கட வீட்டுல மொளகா இடிக்கிற ஸித்தி ஸுபைதாவும் ஒரு சுண்டு அரிசி கொடுத்தீக்கிறா. ரெண்டையும் வாங்கிக் காசாக்கிக் கொடுக்கிறது நான்தான்."

ரீட்டா இரண்டு சாக்குகளையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டிலும் அதே நிறம்தான் இருந்தது.

"அந்த நாட்டுலயும் புள்ள பெத்தவங்களுக்குக் கஞ்சி இல்லீங்களா மொதலாளி?"

எரிந்த டாங்கிகளின் எண்ணிக்கையை ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. அவள் வந்த காரியத்தைச் சொல்லி முடித்தபோது மொஹிதீன் அரிசி அளக்கும் சுண்டை எடுத்தார். பெட்டி அரிசியில் அள்ளினார். மற்றச் சாக்கிலும் அள்ளினார்.

"நானா, அது நான் சேத்தது," என்றான் புவாத்.

"ஒண்ட சண்டையில ஒரு டயர் கொறையட்டும்."

உள்ளேயிருந்து அவர் மனைவி ஸகீனா வந்து, பூண்டும் ஒரு துண்டு கருப்பட்டியும் பையில் போட்டாள். "சுருக்காப் போங்க," என்றாள்.

சுருக்காகப் போக முடியவில்லை. மழையில் பாதை சரிந்து பஸ் பாதி வழியில் நின்றது. ரீட்டா அரிசிப் பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு மேடேறி நடந்தாள். விளக்கு வைக்கும் நேரத்தில் லயத்துக்கு வந்தபோது எல்லாரும் வெளியே நின்றார்கள். இராக்கம்மா எதிரே வந்தாள்.

"ஞானஸ்நானம் இல்லாமப் புள்ள போயிடக் கூடாதுன்னு, நெத்தியில தண்ணி ஊத்தச் சொல்லி உன் தங்கச்சி அழுதா. உபதேசியாரக் கூப்பிட நேரமில்ல. நானே ஊத்துனேன். அந்தோணின்னு பேரும் வச்சேன். ஒங்க ஜெபம் எனக்கு வராது, தெரிஞ்சதச் சொன்னேன். அது செல்லுமா ரீட்டா?"

"செல்லும்க்கா," என்றாள் ரீட்டா.

இரண்டு நாடுகளின் அரிசியும் அன்று ஒரே பானையில் வெந்தது. ஜெபமலர் குடிக்க மறுத்தாள். மத்தேயு கெஞ்சிக் கெஞ்சி ஊட்டினான். மறுநாள் அவளுக்குப் பால் கட்டியது. குடிக்க ஆள் இல்லை. பாலை வற்றவைக்க இராக்கம்மா மல்லிகைப்பூ தேடிப் போய், கிடைக்காமல், ஏதோ இலையை வதக்கி மார்பில் வைத்துக் கட்டினாள்.

மறு வாரம் கங்காணி வீட்டு வாசலில் பட்டாசு வெடித்தது. சண்டை முடிந்துவிட்டதாம். ஞாயிறன்று தலைவர் மறுபடியும் சாக்கோடு வந்தார். மலர்ந்த முகம், புதுச் சட்டை.

"ஜெயிச்சிட்டோம்! இப்பக் காயம் பட்டவங்களுக்குச் சேக்கணும். பெட்டியத் தொற ரீட்டா."

ரீட்டா திறந்து காட்டினாள். பெட்டி துடைத்துவைத்தது போல் இருந்தது. அந்த வாரத்துப் பிடிகளெல்லாம் ஒரு டின்னில், ஜெபமலர் படுத்திருந்த பாயின் தலைமாட்டில் மறைத்துவைக்கப்பட்டிருந்தன. இராக்கம்மாவின் மகளுக்குத் தையில் பிரசவம்.

"ஒண்ணும் சேரலியா?"

"ஒண்ணும் இல்லீங்க தலைவரே." அவர் முகத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

அவர் போன பிறகு சுரூபத்தின் முன் முழங்காலிட்டாள். பொய்க்கு மன்னிப்புக் கேட்கத்தான் முழங்காலிட்டாள். காயம்பட்ட பையன்களுக்காக, இரண்டு பக்கத்துப் பையன்களுக்காகவும் வேண்டிக்கொள்ள முடிந்தது. மன்னிப்புக் கேட்க மட்டும் வாய் வரவில்லை.

காம்பராவில் ஜெபமலர் எழுந்து அடுப்பருகே நின்றாள். அன்றுதான் எழுந்திருந்தாள். கூப்பன் அரிசியில் ஒரு பிடி எடுத்து, மூடாத கையோடு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுப்போரத்து டின்னில் போட்டாள். டின்னின் அடி இன்னும் தெரிந்தது.