இழுக்காத பிறேக்

மாரி தொடங்கிய கையோடு நேசையா ஜீப்பைக் கொண்டுபோய் மதகில் இடித்தான். பின்னால் ஒரு பிள்ளைத்தாய்ச்சி, முன்னால் பக்கத்துச் சீற்றில் பியாட்றிஸ் மிசி. கடவுள் புண்ணியத்தில் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒன்றுமில்லை. பிள்ளையும் அன்றைக்கே பிறந்து, ஊரைக் கூட்டி அழுததாம். மிசியின் நெற்றியில்தான் நல்ல வீக்கம். அந்த வீக்கத்தோடு மறுநாள் காலை சைக்கிளை உருட்டிக்கொண்டு வாகனம் திருத்துகிற என் கராச்சுக்கு வந்தார்.

"சீவரத்தினம் அண்ணை, உந்தப் பிறேக்குக்கு ஒரு வழி பண்ணித் தாங்கோ. இன்னொருக்கா இப்பிடி நடந்தால், நான் உந்த ஜீப்பை மாமரத்துக்குக் கீழை விட்டிட்டு மாட்டுவண்டிலிலைதான் பிள்ளைத்தாச்சியளை ஏத்துவன்."

மிசி வெருட்டுவதற்காகக் கதைக்கிற ஆள் இல்லை. சொன்னால் செய்வார்.

அது மிஷன்காரர் விட்டுப்போன பழைய லாண்ட் றோவர். பண்டத்தரிப்புக்கு இந்தப்பக்கம் இருந்த ஒரு சின்னப் பிரசவ விடுதிக்காக ஓடியது. மிசி அங்கே மருத்துவிச்சி, நேசையா சாரதி. அவன் தலை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அந்த ஜீப்பைத்தான் ஓட்டுகிறான். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டைக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி வரைக்கும் நம்பி ஏறக்கூடிய வாகனம் வேறு இல்லை. இருந்தவற்றில் பாதி எரிந்துபோனது, மீதி கோழிக்கூடு ஆகிவிட்டது.

எனக்கு அலுத்துப்போயிருந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பொருளாதாரத் தடை வந்ததிலிருந்து நான் செய்தது மெக்கானிக் வேலை அல்ல, கந்தலுக்கு ஒட்டுப் போடுகிற வேலை. பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெயில் எஞ்சினை ஓட்டு. கிறீஸ் இல்லை, கொழுப்பை உருக்கு. பல்ப் இல்லை, பகலில் ஓடு. வருகிறவன் எல்லாம் "அண்ணை, ஏதாவது செய்யுங்கோ" என்பான். அந்த 'ஏதாவது' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு நாரி, இடுப்பு எல்லாம் நோகும். மேலே பிளேன் சுற்றினால் பங்கர்க் குழிக்குள் இறங்கி, போனபின் ஏறி வந்து, விட்ட இடத்தில் ஸ்பானரைத் தேடி எடுக்கவேண்டும். சில நாள்களில் இறங்கக்கூட மனமில்லாமல் வாகனத்துக்குக் கீழேயே படுத்துக் கிடந்திருக்கிறேன்.

ஜீப்பின் முன் சில்லுகளைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டிலும் டிறம் பிறேக். டிறம் என்பது ஒரு மூடிய சட்டி. பிறேக் கட்டைகள் உள்ளே இருந்து விரிந்து அதன் சுவரை அழுத்தி வண்டியை நிறுத்தும். வெள்ளத்துக்குள் போனால் சட்டிக்குள் தண்ணீர் நின்றுவிடும், கட்டை வழுக்கும். போதாததற்குக் கட்டைகளின் மேல் ஒட்டியிருக்கிற லைனிங் வலப்பக்கத்தில் தேய்ந்து இரும்பைத் தொட்டிருந்தது. இடப்பக்கத்தில் கொஞ்சம் மிச்சம். அதனால் பிறேக்கை மிதித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கும், ஸ்ரேறிங்கைப் பிடுங்கிக்கொண்டு போகும். நேசையா இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தே ஓடிப் பழகியிருந்தான்.

புது லைனிங் யாழ்ப்பாணம் முழுக்கத் தேடினாலும் கிடையாது. ஆனால் நல்லூரில் சோமசேகரத்தின் வீட்டுப் பின்வளவில் அவருடைய ஜப்பான் வான் ஒன்று கல்லுக்கு மேல் நின்றது. அதன் முன் சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக். டிஸ்க்குக்கு ஒளிவுமறைவில்லை. சில்லோடு ஒரு இரும்புத் தட்டுச் சுற்றும். கவ்வி ஒன்று அதை இரண்டு பக்கமும் பிடிக்கும். தண்ணீர் பட்டால் சுழற்சியில் தானே விசிறிப்போய்விடும். 'அந்த வான் இனி எங்கே ஓடப்போகுது, கழற்றிக்கொண்டு போ' என்று சோமசேகரம் சொல்லிவிட்டார்.

நேசையாவிடம் சொன்னபோது முகம் இருண்டது.

"டிறம்முக்கு இப்ப என்ன குறை? அண்டைக்கு வெள்ளம், அதுதான் பிடிக்கேல்லை."

"இனி வெள்ளம் வராதோ? மாரி உனக்குச் சொல்லிப்போட்டுப் போட்டுதோ?"

"எனக்குப் பழகின பிறேக் அது."

"பழகின பேயெண்டு வைச்சிருக்கப் போறியோ? மிசியின்ரை நெத்தியைப் போய்ப் பார்."

 அவன் ஜீப் திறப்பை ஆணியில் மாட்டிவிட்டு நடந்து போனான்.

வேலை சொல்லி மாளாது. வானின் தட்டு ஜீப்பின் சில்லுக் குடத்தில் ஏறாது. நடு ஓட்டையைக் கடைந்து பெருப்பிக்கவேண்டும். மின்சாரம் இல்லாத ஊரில் லேத் எப்படிச் சுற்றும்? தோட்டத்துக்கு இறைக்கிற மெஷினை இழுத்து வந்து லேத்துக்குப் பட்டி பூட்டினோம். நானும் மரியரட்ணமும்தான். மரியரட்ணம் மயிலிட்டித் துறையில் வள்ளங்களின் எஞ்சின் பார்த்தவன். சண்டையில் ஊரை விட்டு வெளிக்கிட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் குடும்பத்தோடு கிடந்தான். கவ்வியைத் தாங்குகிற தகட்டைத் தடித்த இரும்பில் வாளால் அறுத்து, அரத்தால் ராவி, பழைய டிறம்மின் துளைகளுக்கே பொருந்தப் பண்ணினான். பிறேக் எண்ணெய் இல்லை. ஆமணக்கெண்ணெயில் மிசி தந்த ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டைக் கலந்து ஊற்றினோம். ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை. கையெல்லாம் இரும்புப் பொடி, தரையெல்லாம் லேத்தில் உரிந்த சுருள்.

முடித்த அன்று பின்னேரம் நானே எடுத்து ஓடினேன். வேண்டுமென்றே வெள்ளத்துக்குள் விட்டு, மறுகரையில் ஏறி மிதித்தேன். முன்னையதை விடக் காலைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தவேண்டியிருந்தது. ஆனால் நின்றது பாருங்கள், அப்படி நின்றது! இடமும் இல்லை, வலமும் இல்லை, போட்ட கோடு மாதிரி நேரே. ஸ்ரேறிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு மிதித்துப் பார்த்தேன். அப்போதும் நேரே. தனியாக இருந்து சிரித்தேன். அதற்கு முதல் எப்போது சிரித்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

மறுநாள் நேசையா வந்து ஓடிப்பார்த்தான். நான் பக்கத்தில் இருந்தேன். சந்தியில் மாடு ஒன்று நின்றது. மிதிக்கிறான், வண்டி போகிறது. "மிதியடா!" என்றேன். ஒரேயடியாக மிதித்தான், நாலு சில்லும் இறுகி, என் தலை கண்ணாடியில் போய் அடித்தது. மாடு எங்களைப் பார்த்துவிட்டு மெதுவாகப் போனது.

"உது பிறேக் இல்லை," என்றான். "ஒண்டில் பிடிக்காது, இல்லாட்டிக் கொல்லும்."

"ஆடமாட்டாதவள் கூடம் கோணல் எண்டாளாம். நேற்று நான் ஓடேக்கை நிண்டது, இண்டைக்கு உனக்கு மட்டும் நிக்காதோ?"

அதற்கடுத்த நாளும் வந்தான். அதே சண்டை. ஜீப் என் முற்றத்திலேயே நின்றது. விடுதியில் மாதம் நிறைந்த பெண்கள் இருந்தார்கள். மிசி ஆளனுப்பிக்கொண்டே இருந்தார். நான் கழற்றினேன், பிறேக் குழாயில் காற்றெடுத்தேன், பூட்டினேன். என் வேலையில் பிழை இல்லை. எனக்கு அது தெரியும். அவனுக்கும் தெரியும் என்று எனக்குப் பட்டது. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது.

மூன்றாம் முறை அவன் தனியே ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து இறங்கினான். முற்றத்தைத் தாண்டி நடந்து வந்து, எனக்கு முன்னால் பெட்டியில் இருந்தான். குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"சீவரத்தினம், ஒரு உதவி செய். இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் குறைச்சுப் பிடிக்கிற மாதிரிப் பண்ணிவிடு. முந்தி மாதிரி இழுக்கட்டும்."

"விசரோ உனக்கு?"

"கொஞ்சமா எண்ணெயைப் பூசிவிடு, வலப்பக்கத் தட்டிலை."

பிறேக்கில் எண்ணெய் பூசச் சொல்கிறான். முப்பது வருசம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஒருவனும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. பிள்ளைத்தாய்ச்சிகள் ஏறுகிற வண்டி. கையிலிருந்த ஸ்பானரை எறிந்துவிட்டு, வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். அவன் தாயைக்கூட விடவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். குனிந்த இடத்தை நானும் பார்த்தேன்.

அவன் காலில் ஒரு செருப்புத்தான் இருந்தது. மற்றது ஜீப்பிலே பெடலுக்குப் பக்கத்தில் கழன்று கிடந்தது. வெறுங்காலோடு என் முற்றம் முழுக்க நடந்து வந்திருக்கிறான். உள்ளங்காலில் லேத்துச் சுருள் ஒன்று அரைவிரல் நீளத்துக்கு ஏறியிருந்தது. அவன் வந்த வழியெல்லாம் இரத்தம். அதற்குள் இருந்துகொண்டு அவன் பிறேக்கைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கிறான்.

"நேசையா, உன்ரை கால்..."

அவன் காலைத் தூக்கிப் பார்த்தான். நோகிறவனின் பார்வை இல்லை அது. களவு பிடிபட்டவனின் பார்வை.

நான் குந்தியிருந்து குறட்டால் சுருளை இழுத்து எடுத்தேன். அவன் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. 

"எப்பத்தொட்டு?"

"சலரோகம், சீனி வருத்தம், கனகாலம். மருந்துக் குளிசை வாறது நிண்டாப்போலைதான் இப்பிடி. ரண்டு காலும் மரக்கட்டை. வலதுக்குத்தான் கூட." வலது முழங்காலைத் தட்டிக் காட்டினான். "பெடலிலை கால் இருக்குதோ எண்டுகூடத் தெரியாது. ஆனால் பிறேக் பிடிச்சால் வண்டி இழுக்கும். கைக்குத் தெரியும். கைக்கு வாற இழுவையை வைச்சு எவ்வளவு மிதிக்கிறன் எண்டு கணக்குப் பாத்து ஓடினனான். நீ அதை எடுத்துப்போட்டாய்."

நேரே நிற்கிற பிறேக் என்று நான் சிரித்தேனே, அந்த நேரே நிற்கிறதுதான் அவனைக் குருடனாக்கியது. மூன்று நாளாக அவனை மாடு என்றும் மடையன் என்றும் ஏசியிருந்தேன். வெட்கமாக இருந்தது. அதே நேரம் பயமாகவும் இருந்தது.

"அப்ப மதகடியிலை?"

"தெரியேல்லை, சீவரத்தினம். வெள்ளத்திலை பிறேக் இழுக்கேல்லை. டிறம் நனைஞ்சு பிடிக்காமல் விட்டுதோ, நான் பெடலை மிதிக்கவேயில்லையோ... கர்த்தர் சத்தியமா எனக்குத் தெரியேல்லை."

"வினிபிரட்டுக்குத் தெரியுமோ?" வினிபிரட் அவன் மனுசி.

"தெரியும். வேலையை விடச்சொல்லி அழுகிறாள். விட்டால் ஆர் ஓடுறது? ஓடத் தெரிஞ்ச பெடியள் ஆர் இஞ்சை இருக்கிறாங்கள்? நான் இல்லாட்டி ஜீப் இல்லை. ஜீப் இல்லாட்டி..." முடிக்கவில்லை. "அதோடை, நான் வேறை என்ன?"

 ஒரு கணம், உண்மையாகச் சொல்கிறேன், எண்ணெய்ப் போத்தலைப் பார்த்தேன். ஒரு துளி போதும். பழையபடி இழுக்கும், அவனும் பழையபடி ஓடுவான்.

அப்போதுதான் பியாட்றிஸ் மிசி சைக்கிளில் வந்தார். வியர்த்துக் கொட்டியது.

"அண்ணை, ஜீப் எடுக்கலாமோ? விடுதியிலை குணலட்சுமிக்கு வயித்துக்குத்துத் தொடங்கியிட்டுது, பிள்ளை குறுக்கை கிடக்கு. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாட்டி ரண்டு உயிரும் தப்பாது."

நேசையா எழும்பினான். நான் முந்திக்கொண்டேன்.

"எடுக்கலாம், மிசி. ஆனால் புதுப் பிறேக், இன்னும் படியேல்லை. ஒரு கிழமைக்கு நானே ஓடிப் பழக்கித் தாறன். நேசையா ஓய்வெடுக்கட்டும்."

நல்ல பொய். மிசி நம்பிவிட்டார். அந்த ஒரு கிழமையை ஒரு மாதமாக்கி, மாதத்தை வருசமாக்கி, அவன் மானத்தைக் காப்பாற்றலாம் என்று நான் நினைத்தேன்.

"பொய் சொல்லாதை," என்றான் நேசையா. என்னைப் பார்க்காமல் மிசியைப் பார்த்தான். "மிசி, பிறேக் நல்ல பிறேக். என்ரை கால் செத்துப்போச்சு. ரண்டு வருசமாச் செத்த காலோடைதான் உங்களை எல்லாம் ஏத்திக்கொண்டு திரிஞ்சனான்."

மிசி அவன் காலைப் பார்த்தார், தரையில் கிடந்த இரத்தத்தைப் பார்த்தார். கை தானாகவே நெற்றி வீக்கத்துக்குப் போனது. ஏசுவார் என்று நினைத்தேன். அவர் தன் பையிலிருந்து சுற்றுத்துணியை எடுத்து, மண்ணில் முழங்காலில் இருந்து, அவன் உள்ளங்காலைத் துடைத்துக் கட்டினார். கட்டும்போது அவருக்குக் கண்ணீர் வந்தது. "என்னட்டைச் சொல்லியிருக்கலாமே, அண்ணை," என்றது மட்டும்தான். பிறகு எழும்பி, "கெதியா வெளிக்கிடுங்கோ," என்றார்.

திறப்பை நேசையாவே என் கையில் தந்தான். தந்துவிட்டு, இத்தனை வருசமாக மிசி இருந்த இடப்பக்கச் சீற்றில் ஏறி இருந்தான். "உனக்குப் பள்ளம் திட்டி தெரியாது, நான் சொல்லுறன்," என்றான். விடுதிக்குப் போய்க் குணலட்சுமியைப் பின்னால் படுக்கவைத்து, மிசி அவளருகில் இருந்தார்.

எங்கே மெதுவாக, எங்கே வலப்பக்கம் என்று அவன் சொல்லிக்கொண்டே வந்தான். மதகடியில் முழங்கால் அளவு வெள்ளம். ஜீப்போடு அதில் இறங்கி மறுகரை ஏறினோம். அந்தப் பக்கம் வளைவில் பனங்குற்றி ஒன்று றோட்டுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. கண்ட உடனே மிதித்தேன். நனைந்த சில்லோடு ஜீப் நேரே, ஒரு குலுக்கலும் இல்லாமல் நின்றது. பின்னால் குணலட்சுமி முனகியதுகூட மாறவில்லை. வண்டி நின்றது அவளுக்குத் தெரியாது.

நேசையா கண்ணாடி வழியே குற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய இரண்டு கைகளும், ஸ்ரேறிங் இல்லாத இடத்தில், எதையோ இறுக்கிப் பிடித்தபடி முன்னால் நீட்டியிருந்தன. பிறகு அவற்றை மடியில் வைத்தான்.

"நல்ல பிறேக்கடா," என்றான். குரல் உடைந்து அழுதான்.

மூன்று நாளாக அவன் வாயிலிருந்து இதைக் கேட்கத்தான் நான் சண்டை பிடித்தேன். கேட்டபோது எனக்கு ஒரு சந்தோசமும் வரவில்லை. இறங்கிப் போய், தனியாகக் குற்றியை றோட்டோரத்துக்குப் பிரட்டினேன்.