சிமென்ட்டில் முளைத்த நெருஞ்சி

மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் பதினோரு வருடமாக இஸ்திரி போடுகிறவள் அவள். அவளுடைய அக்காவும் அங்கேதான், பக்கத்து மேஜையில் வேலை பார்த்தாள். காய்ச்சலில் அக்கா போய்ச் சேர்ந்தபோது இவளுக்கு இரண்டு நாள் விடுப்பு கொடுத்தார்கள். மூன்றாம் நாள் வந்து பார்த்தால் அக்காவின் மேஜையில் வேறொருத்தி.

அதன் பிறகு அவளுக்கு அழுகையே வரவில்லை. கும்பிடவும் கை எழவில்லை.

"ஒரு தடவை சாமிய நினைச்சுப் பாரேன், மனசு லேசாகும்" என்பான் கணவன்.

"அவரு எங்கள நினைச்சாரா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஒரு மதியம் செருப்பு வார் அறுந்துவிட்டது. வெறுங்காலோடு துணி காயப்போடும் பின்கட்டுக்குப் போனவள், பாதத்தில் சுரீரென்று குத்தியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முள்ளைப் பிடுங்கினாள். ஒரு சொட்டு ரத்தம். அவ்வளவுதான். ஆனால் கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. "அக்கா, அக்கா" என்று தேநீர் மணி அடிக்கும் வரை அழுது தீர்த்தாள்.

அப்புறம்தான் குத்தியது எது என்று பார்த்தாள். சிமென்ட் தரையின் வெடிப்பில் படர்ந்திருந்த நெருஞ்சி. விரல்நகம் அளவுக்கு மஞ்சள் பூ, வெயிலுக்கு முகம் கொடுத்து நின்றது.

அன்று முதல் தேநீர் நேரமெல்லாம் அங்கேதான். அந்தச் செடி அவளைத் தேற்றவில்லை, 'மறந்துவிடு' என்று சொல்லவில்லை. மிதித்தவர் யாரானாலும் குத்தியது. அந்த நேர்மை அவளுக்குப் பிடித்துப்போனது. மெல்ல அதன் எதிரே உட்கார்ந்து கடவுளோடு பேசத் தொடங்கினாள். பேச்சென்ன, சண்டைதான். ஏன் அக்கா, ஏன் அந்த வயதில் என்று கேள்வி மேல் கேள்வி. பதில் வரவில்லை. ஆனாலும் கேட்க ஆள் இருக்கிற மாதிரி இருந்தது.

மேற்பார்வையாளருக்குக் கூடத்தில் வைத்த பெயர் போட்டோ சார். மடித்த போர்வையைக்கூடப் படம் எடுப்பார். இஸ்திரி அறையின் எக்ஸாஸ்ட் ஃபேன் நின்று மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆவியில் வெந்து பெண்கள் முறையிட்டபோதெல்லாம் "பாக்கலாம்" என்பார்.

ஒரு திங்கட்கிழமை ஃபேனுக்குக் கீழே பெரிய படம் ஒன்று தொங்கியது. அவளுடைய நெருஞ்சிப் பூ! அடியில் கொட்டை எழுத்தில்: 'சிமென்ட்டிலும் பூக்கலாம். குறை சொல்லாமல் உழைப்போம்.'

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்கட்டுக்கு ஓடினாள். அங்கே செடி கருகிக் கிடந்தது. களைக்கொல்லி மருந்தின் வாடை மூக்கைத் துளைத்தது. தோட்டக்காரர் சங்கடத்தோடு நின்றார். "நாளைக்கு ஆய்வுக்கு வர்றாங்களாம்மா. களையெல்லாம் எரிச்சிடுன்னு சார்தான் சொன்னாரு."

வந்த வேகத்தில் இஸ்திரி அறைக்குத் திரும்பிப் படத்தைக் கழற்றி, அங்கேயே மூலையில் இருந்த போட்டோ சாரின் மேஜையில் போட்டாள்.

"என்னம்மா இது?"

"பூவ மட்டும் எடுத்தீங்களே, முள்ள ஏன் சார் விட்டீங்க?"

"ஒரு நல்ல கருத்து சொல்லலாம்னு…"

"சிமென்ட்லதான் முளைப்பேன்னு அது அடம் புடிச்சுதா? சிமென்ட்டப் போட்டது யாரு? எங்களுக்கு உபதேசம் பண்ண அது வேணும், ஆனா உசுரோட இருக்கக் கூடாதா?"

"ஒரு களைச்செடிக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

"ஆமா, அதுக்குத்தான். எங்கக்கா செத்தப்ப என் கூட உக்காந்திருந்தது அது ஒண்ணுதான். நீங்க யாரும் இல்ல."

போட்டோ சார் வெள்ளைத்தாளை நீட்டி மன்னிப்புக் கடிதம் கேட்டார். அவள் அதில் ஃபேனைப் பற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். போர்வை மடிக்கிற பெண் எட்டி வாங்கித் தானும் போட்டாள். பிறகு ஒவ்வொருத்தியாக, மொத்தம் ஒன்பது பேர். மறுநாள் ஆய்வுக்கு வந்தவர்களின் கையிலேயே கொடுத்தார்கள்.

அந்த வாரமே ஃபேன் ஓடியது. அந்த வாரமே அவளை அழுக்குத்துணி பிரிக்கும் பிரிவுக்குத் தூக்கி அடித்தார்கள். ரத்தமும் சீழுமான மூட்டைகளை வெறும் கையால் பிரிக்க வேண்டும். ஆத்திரத்தில் அவளுக்குப் பல் நறநறத்தது.

மதியம் போர்வை மடிக்கிற பெண் கண் கலங்க எட்டிப் பார்த்தாள். "காத்து ஜில்லுனு வருதுக்கா. உனக்குத்தான் இப்படி ஆயிடுச்சு."

"அழாத. இங்க கையுறை ஒண்ணுகூட இல்ல, பாரு. வெள்ளைத்தாள் மிச்சம் இருக்கா?"

"இருக்குக்கா."

"கொண்டா."