ஏதோமுக்கு வந்த தீர்ப்பு

கொழும்பு கொட்டாஞ்சேனை ஜெபக்கூட்டத்தில் அன்று வேதம் வாசிக்கும் முறை அருளப்பனுடையது. புறக்கோட்டைச் சந்தையில் மூட்டை சுமந்தே முதுகு தேய்ந்த மனுஷன், ஐம்பது வயதுக்குப் பிறகுதான் எழுத்துப் படித்தார். ஒரே பக்கத்தில் முடிகிறது என்பதற்காகவே, ஏதோம் என்ற பழங்கால நாட்டுக்கு ஆண்டவரிடமிருந்து வந்த தீர்ப்பைத் தெரிந்தெடுத்திருந்தார்.

"அண்ணன் முடிக்கிறதுக்குள்ள ஆண்டவரே வந்திருவாரு," என்று பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

விரலை வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தார். வாய் சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குப் பொருள் புரியும். தன் சகோதரனை அந்நியர் பிடித்துக்கொண்டு போன நாளில் ஏதோம் எட்ட நின்று பார்த்ததாம். அங்கேயே விரல் நின்றுவிட்டது. ஏதோம் எங்கேயோ தூரத்தில் அழிந்துபோன நாடு என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்.

முன்வரிசையில் ரெஜினா இருந்தாள். பதினேழு வருடங்களுக்கு முன், அவரோடு மூட்டை தூக்கிய அவள் புருஷனை வெள்ளை வேனில் வந்தவர்கள் பிடித்து ஏற்றிக்கொண்டு போனபோது, அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் நின்று எல்லாம் பார்த்தவர் அருளப்பன். "நான் அன்னைக்கு வேலைக்கே வரல்ல தங்கச்சி," என்று அவளிடம் சொன்னவரும் அவர்தான். அதைக் கண்ணால் கண்ட ஒரு சாட்சியை அவள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

"ஏன்ணே நிப்பாட்டிட்டீங்க?" என்றாள்.

"கண்ணு தெரியல்ல."

ரெஜினா எழுந்து வந்து தன் கண்ணாடியைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டாள். "இப்ப பாருங்க. அந்த நாட்டுக்கு நல்லா வேணும், வாசிங்க."

எழுத்துகள் பெரிதாகத் தெரிந்தன. அன்று பார்த்ததைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். திறந்த வாய் அடுத்த வரியை வாசித்தது. கடைசிவரை வாசித்தது.

எல்லாரையும்விட உரத்து ஆமென் சொன்னவள் ரெஜினா.