ஜிகினாச் சரத்தைக் கழற்றிய அன்று

பிளாஸ்டிக் பை அச்சடிக்கும் பட்டறையில் மை கலக்குவது என் மனைவி. அவள் சிபாரிசில் நான் மெஷின் ஓட்டச் சேர்ந்து பதினோரு நாள். வீட்டில் எப்படியோ, பட்டறையில் அவள் வைத்ததுதான் கலர்.

ஓடும் பிளாஸ்டிக் தாளுக்கு மேலே, தொட்டும் தொடாமலும் ஒரு செம்பு ஜிகினாச் சரம் தொங்கும். அன்று யாரோ பெரிய வாடிக்கையாளர் வருகிறார் என்று, "எல்லாம் பளிச்சுன்னு இருக்கணும்" என்றார் முதலாளி. சரத்தில் ஒரு விரற்கடை தூசி. எவனோ கட்டிய அலங்காரம் என்று கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு மெஷினை ஓட்டினேன்.

காற்றில் சொட்டு ஈரமில்லாத நாள். பத்து நிமிடத்தில் என் கைமுடி எழுந்து நின்றது. அரை மணியில் புருவமும். தாளில் உட்கார்ந்த ஈ ஒன்று கிளம்ப முடியாமல் உருளையோடு சுற்றிச் சுற்றி வந்தது. முதலாளி என் தோளில் தட்டினார். 'டப்' என்று ஒரு பொறி. அதன்பின் அவர் என்னைத் தூரத்திலிருந்தே பாராட்டினார்.

அப்போது மையை இளக்கும் தின்னர் நிறைந்த திறந்த வாளியோடு என் மனைவி வந்தாள். காற்றே இல்லாமல் அவள் முந்தானை தாளை நோக்கி நீண்டது. அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏங்க, சரம் எங்க?"

"அழுக்கா இருந்துச்சு. கழட்டிட்டேன்."

ஒவ்வோர் அடியாகப் பின்னால் போய், வாளியை மூடி, வாசலுக்கு வெளியே வைத்தாள்.

"மெஷினை நிறுத்துங்க. ரோல்லேர்ந்து பிளாஸ்டிக் பிரிஞ்சு ஓடும்போது அது மேல கரண்ட் சேரும். பிளாஸ்டிக்காச்சே, விடாம புடிச்சு வெச்சுக்கும். சரம்தான் அதை வாங்கி இரும்பு வழியா தரைக்கு இறக்குது. இல்லேன்னா பொறியாக் குதிக்கும். தின்னர் ஆவியில குதிச்சிருந்தா?"

குதித்திருந்தால் வாளிக்குப் பக்கத்தில் நின்றது அவள். பாய்ந்துபோய் மெஷினை நிறுத்தினேன்.

குப்பையைக் கிளறிச் சரத்தை எடுத்து, உதறி, இரும்புச் சட்டத்தில் இறுக்கிக் கட்டினேன். மெஷின் ஓடியது. அவள் தாளருகே கையை நீட்டிப் பார்த்தாள். ஒரு முடிகூட எழவில்லை.

"ம்," என்று வாளியை எடுத்துவந்து மைத்தட்டில் ஊற்றினாள். சளசளவென்று ஊற்றும் சத்தம். வேறு எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்காததை அவ்வளவு ஆசையாக நான் பார்த்ததே இல்லை.

"மூச்சு விடுங்க, நீலமாயிட்டீங்க. அந்தக் கலர் இன்னிக்கு ஆர்டர்ல இல்ல."

விட்டேன். உருளையிலிருந்து ஈயும் கிளம்பியது. ஜன்னல் கம்பியில் உட்கார்ந்து அது விட்ட பெருமூச்சு எனக்குத் தெளிவாகக் கேட்டது.