மாப்பிள்ளை நடந்த பக்கமெல்லாம் மஞ்சள்

வாழைக்காய் மூச்சு விடும். இதைச் சொன்னால் சிரிக்கிறவர்கள் உண்டு. அவர்கள் யாரும் என் தங்கை புருஷன் வேலை பார்க்கும் குளிர்கிடங்குக்குள் வந்து பார்த்தவர்கள் இல்லை.

மரத்திலிருந்து வெட்டிவிட்டதால் காய்க்கு உயிர் போய்விடுவதில்லை. நம்மைப் போலவே காற்றை உள்ளே இழுக்கும், உள்ளே இருக்கிற மாவைக் கரைத்துத் தின்னும், சூட்டை வெளியே விடும். குளிரில் வைத்தால் மூச்சு மெதுவாகிப் பச்சையாகவே தூங்கும். பழுத்த பழம் ஒன்று உள்ளே நுழைந்தால் போச்சு. அது விடுகிற வாயு பக்கத்துக் காயை எழுப்பும். அந்தக் காய் தன் பங்குக்கு அடுத்ததை எழுப்பும். அதனால் கிடங்குக் கதவில் பெரிய எழுத்தில் 'பழத்தோடு உள்ளே வராதே' என்று எழுதியிருந்தார்கள்.

அத்தனை காயையும் கப்பல் வரும் வரை தூங்க வைப்பதுதான் மாப்பிள்ளையின் உத்தியோகம். அவரோ ஓரிடத்தில் உட்காரத் தெரியாத மனிதர். சாப்பிடும்போது அவர் கால் ஆட்டுகிற ஆட்டத்தில் தண்ணீர் டம்ளர் தானாக நகர்ந்து மேசை ஓரத்துக்கு வந்துவிடும். என் தங்கை பார்க்காமலே கை நீட்டி அதைப் பிடிப்பாள்.

அவருக்கு வயிறு சரியில்லை. தினம் ஒரு வாழைப்பழம் சாப்பிடச் சொன்னார் டாக்டர். தங்கை சாப்பாட்டுக் கூடையில் தினம் ஒன்று வைத்தாள்.

"நாள் முழுக்க அதுங்க மூஞ்சியிலதான் முழிக்கிறேன். சாப்பாட்டுக்கும் அதுவேயா?" என்று ஒருமுறை கேட்டார். அவள் கூடையை மூடி அவர் கையில் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. சாயங்காலம் அவள் "பழம் சாப்பிட்டீங்களா?" என்பாள். "ஆச்சு" என்பார்.

கப்பல் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் மாப்பிள்ளை மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு நான் கிடங்குக்குப் போனேன். உள்ளே பழம் இருந்ததால் கூடையைக் கதவுக்கு வெளியிலேயே வைத்தேன். குளிர்விக்கும் எந்திரம் மூச்சு வாங்காமல் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. கதவில் தொங்கும் பிளாஸ்டிக் திரை உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. காற்று அடிக்கவில்லை. அத்தனை காயும் சேர்ந்து மூச்சு விட்டதில் திரை அப்படி ஆடியது. வழியில் மழையில் நனைந்த சட்டையைக் கழற்றி இரண்டாவது வரிசைப் பெட்டிகள்மேல் விரித்தேன். இஸ்திரி போட்டதுபோல் காய்ந்தது.

"மச்சான், எழுந்துட்டானுங்க!" என்று தடித்த குளிர்கோட்டோடு ஓடி வந்தார் மாப்பிள்ளை. "எங்கேயோ ஒரு பழம் இருக்கு. காலையிலேர்ந்து தேடறேன், கெடைக்கல. இது போச்சுன்னா நாளைக்கு என் வேலையும் போச்சு."

சொல்லிவிட்டு மறுபடி ஓடினார். ஒரு பெட்டியைத் திறப்பார், குனிவார், முகர்வார், மூடுவார், அடுத்ததுக்குப் போவார். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். அவர் குனிந்த பெட்டி, அவர் நிமிர்வதற்குள் ஓரத்தில் மஞ்சள் கட்டியது. மேலே ஏறி நின்று பார்த்தால் அவர் போன தடம் முழுக்கச் சுண்ணாம்பு மட்டையால் மஞ்சள் அடித்துக்கொண்டே போனதுபோல் இருந்தது.

முதலாளி வந்தார். அவரும் நிற்கவில்லை, மாப்பிள்ளைக்குப் பின்னாலேயே நடந்தார். நானும் அவர்களுக்குப் பின்னால் நடந்தேன். அந்த அறையில் நிற்க முடியாது. காலுக்குக் கீழே ஏதோ கொதிக்கிற மாதிரி இருக்கும்.

"கப்பல்காரன் பச்சைதான் கேப்பான். மஞ்சளா அனுப்பினா கடல்லயே கொட்டிடுவான்" என்றார் முதலாளி. பிறகு மாப்பிள்ளையை உற்றுப் பார்த்தார். "ஏன்யா, மீசைக்கு இடது பக்கம் மட்டும் மை போட மறந்துட்டியா?"

இடது பாதி வெள்ளையாகத்தான் இருந்தது. காலையில் கிளம்பும்போது அப்படி இல்லை.

"மீசையா இப்ப முக்கியம் முதலாளி?" என்று அவர் அடுத்த பெட்டியைத் திறந்தார்.

முதலாளி அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். கோடி மூலையில் சில வரிசைகள் மட்டும் கிளிப்பச்சையாக இருந்தன.

"அது மட்டும் எப்படித் தூங்குது?"

"அங்க பல்பு எரியல. நான் இன்னும் போகல. இதோ போய்ப் பார்த்துடறேன்..."

"நில்லுய்யா!" முதலாளி போட்ட சத்தத்தில் மாப்பிள்ளை வாழ்க்கையில் முதல் தடவையாக அசையாமல் நின்றார். "நீ போற எடமெல்லாம் பழுக்குது. போகாத எடம் பச்சையா இருக்கு. நீதான்யா அந்தப் பழம்!"

நான் அவர் கோட்டின் கீழ் ஓரத்தை ஒரு அமுக்கு அமுக்கினேன். சதக்கென்றது. இடது பாக்கெட்டில் கை விட்டால் கை பாட்டுக்கு உள்ளே போய்க்கொண்டே இருந்தது. அடியில் ஓட்டை. உள்துணிக்கும் மேல்துணிக்கும் நடுவில் கறுத்தது, கன்றியது, கூழானது என்று ஒரு சீப்பு அளவுக்கு வாழைப்பழம் வந்தது.

"வேணும்னு வச்சியா, தெரியாம வச்சியா?" என்றார் முதலாளி. "வேணும்னு வச்சிருந்தா இப்பவே கிளம்பு. தெரியாமன்னா எப்படின்னு சொல்லு."

மாப்பிள்ளை என் காதருகே குனிந்தார். "சாப்பிடப் பிடிக்கல மச்சான். வீட்டுக்குப் போற வழியில தூக்கிப் போடலாம்னு பாக்கெட்டுல வைப்பேன். அப்புறம் தொட்டுப் பார்த்தா காலியா இருக்கும். சரி, போட்டுட்டோம்னு நெனச்சுக்குவேன். இப்ப வேணும்னே வச்சேன்னு சொல்லிடட்டுமா? வேலைதானே போகும்! உங்க தங்கச்சிக்குத் தெரிஞ்சா..."

"வேலை போனா நாள் முழுக்க வீட்டுல அவகூடத்தான இருக்கணும், மாப்பிள்ளை" என்றேன். அவர் முகம் அந்த மூலை வரிசையைவிடப் பச்சையானது. முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

முதலாளி நம்பவில்லை. வீட்டுக்கே போன் போட்டார். "ஏம்மா, தினம் பழம் குடுத்து விடறீங்களா?"

"ஆமாங்க" என்றது என் தங்கையின் குரல், எல்லோருக்கும் கேட்கும்படி. "தவறாம சாப்பிட்டுடறார். நேத்துக்கூட ரொம்ப ருசியா இருந்துச்சுன்னாரே."

எந்திரம்கூட ஒரு கணம் ஊளையை நிறுத்தியது.

வேலை போகவில்லை. பழுத்ததெல்லாம் அன்றைக்கே ஊர்க் கடைகளுக்குப் போனது. அவர் கால் படாத வரிசைகள் தூங்கியபடியே கப்பல் ஏறின. பாக்கெட் இல்லாத புதுக் கோட்டு ஒன்று வந்தது.

வீட்டில் தங்கை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். பழத்தை உரித்து அவர் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவர் மென்றார். கால் ஆடியது, டம்ளர் நகர்ந்தது. இந்த முறை அவள் கை நீட்டவில்லை. அது விழுந்து உருண்டது.

"அண்ணே, இவர் மீசை ஏன் பாதி வெளுத்திருக்கு?"

"வெளுக்கலம்மா. பழுத்திருக்கு."

அவள் சிரித்துவிட்டாள். அப்போதுதான் மாப்பிள்ளை விழுங்கினார்.

பழைய கோட்டை எனக்குக் குளிருக்கு ஆகுமென்று கொடுத்துவிட்டார்கள். துவைத்து, தைத்து, வாசல் கதவுக்கு வெளியே மாட்டி வைத்திருக்கிறேன். போட்டதில்லை. இந்த வயதில் இனிப் பழுக்க என்னிடம் இடமில்லை.